கேட்டுப் பெற்ற பள்ளிக்கூடம்

ஜூலை 15 வந்தால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தம், ராணிப்பேட்டை என்று பாலாற்று வட்டாரம் முழுக்கப் பள்ளி வளாகங்களில் ஒரே கதை ஒலிக்கும். மாடு மேய்க்கும் சிறுவனைக் கண்டு முதலமைச்சர் காரை நிறுத்துகிறார். ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்கிறார். போனால் சோறு யார் போடுவது என்று சிறுவன் திருப்பிக் கேட்கிறான். மதிய உணவுத் திட்டம் பிறக்கிறது. காமராசர் பிறந்த நாளைக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடத் தமிழக அரசு 2006இல் முடிவெடுத்த பிறகு, அன்றைய பேச்சுப் போட்டிக்கு இந்தக் கதை ஏறக்குறைய கடவுள் வாழ்த்தாகிவிட்டது. நான்காம் நிமிடத்தில் எச்சரிக்கை மணி, ஐந்தாம் நிமிடத்தில் இறுதி மணி. அதற்குள் அவை வணக்கம், மேய்ச்சல் நிலம், சத்துணவு, இரண்டு திருக்குறள், நன்றி வணக்கம் என்று முடித்தாக வேண்டும். மூடிய பள்ளிகள் ஆறாயிரம், திறந்தவை பன்னிரண்டாயிரம் என்று ஒரு பிள்ளை சொல்லும். அடுத்த பிள்ளை வேறு கணக்குச் சொல்லும். நடுவர் இரண்டுக்கும் மதிப்பெண் போடுவார். அரசுக் கல்வியைப் பற்றி நல்லதைச் சொல்ல மாணவர்களுக்கென்று ஒரு மேடை இருப்பது நல்ல காரியம். அதில் எனக்குக் குறையில்லை. அந்த மேடையில் கல்வி எப்போதும் மேலிருந்து கொடுக்கப்பட்ட பொருளாகவே வருகிறது என்பதுதான் உறுத்துகிறது. வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரத்தின் நூற்றைம்பது ஆண்டுக் கதையைப் புரட்டினால் கல்வி அங்கே கேட்டுப் பெற்ற பொருளாகவே தெரிகிறது. கேட்பதற்கு அந்த ஊர்கள் கையாண்ட கருவியும் இதே மேடைப் பேச்சுதான். அன்று கோரிக்கையாக இருந்த பேச்சு இன்று நன்றியுரையாகிவிட்டது.

இந்த வட்டாரத்தில் பள்ளிக்கூடத்துக்கு முன்பே பேச்சு வந்துவிட்டது. அமெரிக்க ஆற்காடு மிஷனை ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் தொடங்கினார்கள். பிற மதத்தாருக்கு ஆங்கிலப் பள்ளி நடத்துவதைவிடச் சந்தையிலும் தெருமுனையிலும் தமிழில் பேசுவதையே மிஷன் அப்போது முதல் வேலையாகக் கொண்டிருந்தது. அவர்களில் மூத்தவரான ஹென்றி மார்ட்டின் ஸ்கடர், தெருப் பிரசங்கிகளின் கைக்கு அடக்கமாகத் தமிழில் ஒரு நூலே எழுதினார். பஜார் புத்தகம் என்று பெயர்பெற்ற அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1869இல் சென்னையில் வெளியானது. தலைப்புவாரியாகப் பிரித்த பிரசங்கங்கள், தமிழ்ச் செய்யுள் மேற்கோள்கள் என்று அமைந்த நூல் அது. இன்று பேச்சுப் போட்டிக்குத் தமிழாசிரியர் எழுதிக் கொடுக்கும் தாளுக்கு முப்பாட்டன் என்று சொல்லலாம். தமிழ்நாட்டு மேடைப் பேச்சின் வேர் புராட்டஸ்டண்ட் பிரசங்கத்தில் இருக்கிறது, அதிலிருந்துதான் சுதேசி இயக்கக் காலத்தில் அரசியல் மேடை கிளைத்தது என்று பெர்னார்டு பேட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் விரிவாக வாதிட்டார். புலவர் அவையிலும் கதாகாலட்சேபத்திலும் கேட்பவர் யாரென்று முன்கூட்டியே தெரியும். யார் வேண்டுமானாலும் நின்று கேட்கலாம், எல்லாரும் சமமாகக் கேட்கலாம் என்ற கூட்டம் புதிது. வாதத்தை முழுதாக ஏற்காதவர்கள்கூட வேலூர்ப் பகுதியைப் பொறுத்தவரை வரிசையை மறுக்க முடியாது. முதலில் தெருப் பேச்சு வந்தது. பள்ளிகள் பெருகியது பிறகு. ஊரிஸ் கல்லூரி 1898இல்தான் வந்தது. ஆசிரியர் தினப் போட்டியில் தவறாமல் வந்துபோகும் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அங்கே படித்தவர். அந்தக் கல்லூரி வேலூரில் இருக்கிறது என்பதை அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் சொல்வது குறைவு.

தோல் வணிகர்கள் கட்டிய பள்ளிகளிலும் இதே வரிசையைக் காணலாம். ஆவாரம் பட்டையில் பதனிட்ட மாட்டுத் தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போனது. முழுப் பதனும் இங்கே செய்வதில்லை. அரைப்பதனோடு அனுப்பினால் மெருகேற்றும் வேலையும் அதன் லாபமும் சீமைக்கு. முதல் உலகப் போரில் படைவீரர்களின் பூட்ஸுக்கு இந்தத் தோல் தேவைப்பட்டதால் தொழில் வெகுவாக விரிந்தது. போர் முடிந்த மறு ஆண்டு, 1919இல், வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. ஒரு சிறு நகரத்தில் அந்தக் காலத்தில் கல்லூரி என்பது சின்ன விஷயமில்லை. அகில இந்திய முஸ்லிம் கல்வி மாநாடு 1901இல் சென்னையில் கூடியபோது எழுந்த பேச்சு அலை, தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் முதலான அமைப்புகளாக உருவெடுத்து, வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் என்று ஊர்தோறும் கல்விச் சங்கங்களாக இறங்கியது. சங்கம் என்றால் ஆண்டுக் கூட்டம் உண்டு. கூட்டம் என்றால் தோல் மண்டி முதலாளிகளின் முன்னால் ஒருவர் எழுந்து நின்று, உங்கள் பிள்ளைகள் கணக்கு எழுதத் தெரிந்தால் போதுமா என்று கேட்டாக வேண்டும். அந்தப் பேச்சு பெரும்பாலும் உருதுவில் நடந்திருக்கும். கேட்டவர்கள் பணப்பையை அவிழ்த்தார்கள். மேல்விஷாரத்து வள்ளல் சி. அப்துல் ஹக்கீம், சென்னைத் தோல் வணிகர் ஜமால் முகமது ஆகியோரின் பெயர்களை இன்று மேல்விஷாரத்திலும் திருச்சியிலும் கல்லூரிகள் தாங்கி நிற்கின்றன. ஆம்பூரின் மஸ்ஹருல் உலூம் கல்வி நிறுவனங்களும் இந்த மரபில் வந்தவை. இந்தப் பள்ளிகளின் வரவுசெலவுக் கணக்கில் முதல் பக்கத்தில் இருந்தது யாரோ ஒருவர் பேசிய பேச்சு.

இங்கே ஒரு கேள்வி வரும். வணிகரும் மிஷனும் நடத்தியது தனியார் பள்ளி, அதை எப்படிப் பொதுக் கல்வி என்று சொல்லலாம்? கேள்வி நியாயமானதுதான். இன்று தனியார் பள்ளி என்றால் நமக்குக் கட்டணமும் வேனும் டையும் நினைவுக்கு வருகின்றன. தோல் வட்டாரத்தின் பழைய பள்ளிகள் பெரும்பாலும் அரசு உதவி பெறும் பள்ளிகள். 1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கை வகுத்த மானிய முறைப்படி கட்டடம் ஊருடையது, சம்பளத்தில் அரசுக்குப் பங்கு உண்டு. 1955இல் சென்னை மாநிலம் உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஓய்வூதியம், வைப்பு நிதி, காப்பீடு மூன்றையும் சேர்த்து வழங்கியபோது அந்தக் கலப்பு இன்னும் இறுகியது. மதச் சங்கமோ மிஷனோ நியமித்த ஆசிரியரின் முதுமைக்கு அரசு பொறுப்பேற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் அந்தப் பள்ளியைத் தனியார் சொத்து என்று ஒதுக்குவது, பாதிக் கணக்கை மட்டும் படிப்பதாகும். மறுபக்கமும் உண்டு. வேலூரில் அரசு முஸ்லிம் மேல்நிலைப் பள்ளி என்று ஒரு பள்ளி இருக்கிறது. ஒரு சமூகத்தின் தேவையை அரசே தன் பள்ளிப் பெயரில் ஏற்றுக்கொண்ட அடையாளம் அது. ஊரும் அரசும் எங்கே பிரிகின்றன என்று கோடு கிழிக்க இந்த வட்டாரத்தில் எளிதில் முடியாது.

ஆனால் வணிகர் பள்ளிகளின் நல்ல கதையை இத்தோடு நிறுத்தினால் அதுவும் ஒரு நன்றியுரைதான். தோலை விற்றவர்களின் பிள்ளைகள் படித்தார்கள். தோலைத் தொட்டு வேலை செய்தவர்களின் பிள்ளைகள்? உப்புத் தோலை உதறி, சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிர் களைந்து, சதை சீவி, ஆவாரம் பட்டைத் தொட்டியில் நாள்கணக்கில் புரட்டிப்போடும் ஈர வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆதிதிராவிடர்கள். அவர்களின் சேரிப் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகள் பல இடங்களில் வாசலிலேயே நிறுத்தின. சில பள்ளிகள் அவர்கள் நுழைய முடியாத தெருக்களில் நடந்தன. 1919, 1920 வாக்கில் சென்னை அரசு ஒடுக்கப்பட்டோர் நலனுக்கென்று தொழிலாளர் ஆணையரை நியமித்து, அந்தத் துறையின் கீழ் தனிப் பள்ளிகளைத் திறந்தது. அரசு தானாக மனமிரங்கிச் செய்ததாக இதை எழுதுவோர் உண்டு. சட்டமன்றத்தில் எம்.சி. ராஜாவும் பின்னர் இரட்டைமலை சீனிவாசனும் எழுந்து நின்று கிணறு, சாலை, பள்ளி என்று ஒவ்வொன்றாகக் கேட்டதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பது தற்செயலாக இருக்கலாம். அவருடைய கோரிக்கைகளில் பள்ளி திரும்பத் திரும்ப வருவது தற்செயலாக இருக்காது. தொழிலாளர் துறைப் பள்ளிகள் பிறகு ஹரிஜன நலத்துறைப் பள்ளிகளாயின. இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல் இருக்கும் இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக 2023 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்ததும் எதிர்ப்பு எழுந்தது. எல்லாப் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் படிக்கட்டும் என்பது ஒரு நியாயம். போராடிப் பெற்ற பள்ளியின் பெயரும் நிலமும் கணக்கில் கரைந்துபோகும் என்பது இன்னொரு நியாயம். இரண்டாவதைச் சொன்னவர்களைப் பிரிவினை பேசுகிறார்கள் என்று தள்ளிவிட்டவர்கள், அந்தப் பள்ளி எப்படி வந்தது என்பதைக் கேட்டறிந்திருந்தால் அவ்வளவு எளிதாகத் தள்ளியிருக்க மாட்டார்கள்.

1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை இந்த வட்டாரத்தின் உரைகல்லில் உரசிப் பார்ப்பது பயன் தரும். கிராமத் தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். இருக்கிற ஆசிரியரையும் கட்டடத்தையும் கொண்டே இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் கணக்கு. நிதி நெருக்கடியை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கில் ஏதோ ஒரு நியாயம் இருந்தது என்று வாதிட்டவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். குயவர் வீட்டுப் பிள்ளை சக்கரத்தைச் சுற்றுவதாகவும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை தறியில் உட்காருவதாகவும் படம் வரைந்தால் அது அழகாகவும் தெரியலாம். பேரணாம்பட்டைச் சுற்றிய சேரிகளில் அந்தப் படம் என்னவாகும்? பிற்பகலில் சிறுவன் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்க வேண்டும். அரைப்பதன் தோலை ஏற்றுமதி செய்த வட்டாரத்துக்கு அரைநாள் பள்ளி பொருத்தம்தான் என்று கசப்போடு சொல்லத் தோன்றுகிறது. குலக்கல்வி என்று பெயர் சூட்டித் திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் தெருத்தெருவாகப் பேசின. காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு திரண்டது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது. இந்த வெற்றியைப் பெற்றது மேடை. ஒரு அரசாணையைப் பேச்சு திரும்பப் பெறவைத்தது. ஜூலை 15 மேடையில் இந்தப் பகுதி ஒரு வாக்கியத்தில் கடந்துபோகும், அதுவும் புதிய முதல்வரின் பெருந்தன்மையாக.

அப்படியானால் காமராசரை இறக்கிவைக்கச் சொல்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. முந்நூறு பேர் வாழும் குக்கிராமத்துக்கும் ஒரு பள்ளி என்ற அளவுகோலை அவர் அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்த உறுதி அவருடையது. அதற்குக் கல்வித் துறைக்குள் தோள் கொடுத்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. நன்றி சொல்வதில் பொய் எதுவும் இல்லை. நன்றி சொல்லும்போது எதை விட்டுவிடுகிறோம் என்பதுதான் கேள்வி. மதிய உணவையே எடுத்துக்கொள்வோம். நீதிக் கட்சியின் தியாகராயச் செட்டி தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் 1920இலேயே அதைத் தொடங்கிவிட்டது. 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய திட்டம் முதலில் ஊரார் கொடையில் நடந்தது. அரசு மானியம் தரத் தொடங்கிய பிறகும் செலவில் அறுபது சதவீதம் அரசுடையது, நாற்பது சதவீதம் ஊருடையது. அதாவது ஒவ்வொரு கிராமத்திலும் யாரோ ஒருவர் வீடுவீடாகப் போய் அரிசியோ பருப்போ காசோ கேட்டிருக்கிறார். கடம்பத்தூரில் 1958இல் நடந்த மாநாட்டிலிருந்து மாநிலமெங்கும் பரவிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இதையே பெரிய அளவில் செய்தன. பந்தல் போட்டு, தலைவர்கள் பேசி, பேச்சு முடிவதற்குள் ஊரார் ஒருவர் பின் ஒருவராக நிலம், கட்டடம், மேசை, கரும்பலகை, கடிகாரம் என்று அறிவிப்பார்கள். நம் நாட்டில் அரசுக் கல்வி பற்றிய நல்ல கதைகளைச் சொல்லும் பெருங்கூட்டம் என்று ஒன்று இருந்தது என்றால் அது இதுதான். பரிசு பேசியவருக்குப் போகவில்லை, பள்ளிக்குப் போனது. தோல் வட்டாரத்துக்கு இந்தப் பாணி புதிதே இல்லை. கல்விச் சங்கங்களின் ஆண்டுக் கூட்டத்தில் ஐம்பது வருடமாக நடந்துவந்ததை அரசு கையிலெடுத்து மாநிலம் முழுக்க விரித்தது.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு கதை உண்டு. அதை எந்தப் போட்டி மேடையிலும் கேட்பது அரிது. 1990களில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்ற பெயரில் இருந்த இந்த வட்டாரத்தில், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பிள்ளைகள் பீடி சுற்றுவதற்காக அடமானம் வைக்கப்பட்டிருந்தார்கள். தகப்பன் வாங்கிய முன்பணம் சில நூறோ ஆயிரமோ இருக்கும். அது கழியும்வரை, பெரும்பாலும் கழியாமலே, பிள்ளை பீடி முதலாளியிடம் உட்கார்ந்திருக்கும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. மனித உரிமைக் கண்காணிப்பு அமைப்பு 1996இல் வெளியிட்ட அறிக்கை இந்தப் பீடிக் குழந்தைகளைப் பற்றி விரிவாகப் பேசியது. அப்போது ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார் அந்தப் பிள்ளைகளை மீட்டுச் சிறப்புப் பள்ளிகளில் சேர்க்கும் வேலையை முன்னெடுத்தார். பத்து வயதில் அகரமே தெரியாத பிள்ளையை ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் உட்காரவைத்தால் மறுநாள் ஓடிவிடும். எல்லைக்கு அப்பால் மதனப்பள்ளி பக்கத்து ரிஷி வேலியில் கிராமப் பள்ளிகளுக்கென்று உருவாக்கியிருந்த அட்டை முறை இங்கே உதவிக்கு வந்தது. பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை. பிள்ளை தன் வேகத்தில் ஏணியில் ஏறலாம். ஒரு நாள் வராவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதே அதிகாரி சென்னை மாநகராட்சிக்குப் போனபோது 2003இல் அதை அங்கே கொண்டுபோனார். பிறகு அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் பொறுப்பில் இருந்தபோது, 2007 வாக்கில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அந்த முறை போனது. செயல்வழிக் கற்றல் என்று மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போன முறையின் தொடக்கக் கண்ணிகளில் ஒன்று, பீடி இலையை வெட்டிக்கொண்டிருந்த விரல்களுக்கு எழுத்தை எப்படிக் கொடுப்பது என்ற இந்த வட்டாரத்துக் கேள்வி. அந்த முறையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அட்டையை அடுக்கிவைப்பதே ஆசிரியரின் வேலையாகிவிட்டது என்ற புகாரும், ஏணியை முடித்தவர்களுக்கும் எழுத்து தடுமாறியது என்ற புகாரும் பலமாக இருந்தன. பிறகு வந்த திட்டங்கள் அதை ஓரங்கட்டிவிட்டன. இருந்தும் ஒரு பொதுப் பள்ளி முறை கடைசிப் பிள்ளையிலிருந்து தொடங்கி மேலே போன கதை இது.

பதினான்கு வயதுப் பிள்ளையின் தலையில் கொத்தடிமையையும் சாதியையும் ஏற்றலாமா, ஐந்து நிமிடத்தில் நம்பிக்கை தரும் ஒரு கதை போதாதா என்று ஒரு தரப்பு கேட்கும். இந்த வட்டாரத்துப் பிள்ளைக்கு இவை புதுச் செய்திகள் இல்லை. ஷூ கம்பெனியில் காலணியின் மேற்பகுதியைத் தைத்துவிட்டு இரவு வீடு திரும்பும் தாயைப் பார்த்து வளரும் பிள்ளை அது. தவிர, கேட்டதால் கிடைத்தது என்பதைவிட நம்பிக்கை தரும் கதை எது? இன்னொரு தரப்பு, பேச்சுப் போட்டியே மனப்பாடப் பரீட்சைதானே, அதில் எதைச் சொன்னால் என்ன என்று தள்ளிவிடும். மனப்பாடம் என்பது உண்மை. ஆனால் மனப்பாடமாக உள்ளே போனது எளிதில் வெளியே வருவதில்லை என்பதும் உண்மை. பல அரசியல்வாதிகள் இன்றும் பள்ளியில் உருப்போட்ட வாக்கியத்தை மேடையில் சொல்லித் தப்பிக்கிறார்கள். தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்த நாள்களில் மாவட்டந்தோறும் நடத்தும் போட்டிகளில் முதல் பரிசு ரூ.5,000, அடுத்தவை ரூ.3,000, ரூ.2,000, அரசுப் பள்ளி மாணவர் இருவருக்குத் தனியே ரூ.2,000 சிறப்புப் பரிசு. நல்லெண்ணத்தில் வைத்த பரிசுதான் அது. ஆனாலும் பொது வரிசையில் அந்தப் பிள்ளை வராமல் போகலாம் என்ற சந்தேகம் அதிலேயே ஒளிந்திருக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது வழியில் படிக்கும் பிள்ளைகள் எந்த வரிசையில் நிற்பது என்பது இன்னும் சிக்கல். அவர்களின் முப்பாட்டன்மார் உருதுவில் பேசிப் பேசிக் கட்டிய பள்ளிகளைப் பற்றித் தமிழ் மேடையில் யார் பேசுவது?

செயல்வழிக் கற்றலுக்காக வகுப்பறைச் சுவர்களில் தரையிலிருந்து ஒன்றரை, இரண்டடி உயரத்தில் கறுப்புப் பட்டை ஒன்று அடித்தார்கள். கீழ்மட்டக் கரும்பலகை என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்கு மேல் பிள்ளையின் பெயர், உட்கார்ந்தபடியே எழுதலாம். திட்டம் மாறிய பிறகு பல ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் அதன்மேல் வண்ணம் பூசிப் படம் வரைந்தார்கள்; சிலவற்றில் அப்படியே விட்டுவிட்டார்கள். அப்படி விட்ட அறையில் கல்வி வளர்ச்சி நாளன்று மேசையை இழுத்துப் போட்டு, மைக் வைத்து, நடுவர்களை உட்காரவைத்துப் போட்டி நடக்கும். வரிசையில் காத்திருக்கும் பிள்ளைகள் சுவரில் சாய்ந்து நின்று கையிலிருக்கும் தாளை முணுமுணுப்பார்கள். அவர்களின் முழங்காலுக்குப் பின்னால் அந்தக் கறுப்புப் பட்டை இருக்கும்.